முருங்கைக்காய்க்காக பாரிஸ் வரைக்கும்

வெள்ளிக்கிழமை, ரயில்ல

சார்ப்ரூக்கன்ல இருந்து பாரிஸுக்கு ரெண்டு மணி நேரம் கூட ஆகாது. ஜெர்மனில நாங்க இருக்கற ஊரு அது, பிரெஞ்சு பார்டர ஒட்டினாப்ல, ட்ராம் ஏறி உக்காந்தாலே பக்கத்து பிரெஞ்சு டவுன்ல இறங்கிடலாம். ஆபீஸ்ல லீவு சொன்னப்ப ஆளாளுக்கு லூவ்ரு போங்க, ஈஃபிள் டவர் போங்க, அந்த பாலத்துல நின்னு போட்டோ எடுங்கன்னு லிஸ்ட் குடுத்தாங்க, நானும் சரி சரின்னு தலையாட்டிக்கிட்டேன். முருங்கைக்காயும் புடலங்காயும் வாங்கப் போறேன்னு சொன்னா அதுக்கு விளக்கம் குடுக்கறதுக்குள்ள லஞ்ச் பிரேக் முடிஞ்சிரும்.

வெளிநாட்ல இருக்கறவங்கள என்னத்த ரொம்ப மிஸ் பண்றீங்கன்னு கேட்டா பிரியாணி, பரோட்டா சால்னான்னுதான் ஆரம்பிப்பாங்க. அதெல்லாம் ஒரு மாதிரி சமாளிச்சிரலாங்க. பிரியாணிக்கு அரிசி இருக்கு, கறி இருக்கு, யூடியூப் இருக்கு. எனக்கு தொண்டைய அடைக்கறதெல்லாம் சின்னச் சின்ன சாமான்தான். சுட்ட அப்பளம்! எங்க வீட்ல இண்டக்‌ஷன் அடுப்பு, தீயே கிடையாது, அப்புறம் அப்பளத்த எதுல காட்டறது? மைக்ரோவேவ்ல வச்சா பொரியும், ஆனா அந்த ஓரம் கருகின வாசம் வராது. வத்தல் மொளகா தாளிச்சா சீலிங்ல இருக்கற புகை அலாரம் கத்த ஆரம்பிச்சிரும், இங்க எல்லா வீட்லயும் அத மாட்டியிருக்கணும்னு சட்டம், அதனால எங்க வீட்ல தாளிப்புன்னாலே இவர் கைல துண்டோட அலாரத்துக்குக் கீழ நின்னு வீசிக்கிட்டு இருப்பாரு. சாப்பாட்ட விடுங்க, ராத்திரி படுத்தா தலைக்கு மேல ஃபேன் ஓடற சத்தம் வேணும், குளிக்க ஒரு வாளியும் கப்பும் வேணும், ஞாயித்துக்கிழமை ஒரு கடை திறந்திருக்கணும். இதெல்லாம் கேட்டா ஆடம்பரம்னு யாரும் சொல்ல மாட்டாங்க, ஆனா காசு குடுத்தாலும் கிடைக்காது.

கறிவேப்பிலைக்கு மட்டும் தனியா ஒரு பாரா எழுதணும். ஊர்ல காய் வாங்கினா ஒரு கொத்து சும்மா போட்டுத் தருவாங்க, கேக்கக்கூட வேண்டாம். எங்க அம்மா வீட்டுக் கொல்லைல திருநவேலில மரமே நிக்குது. ஆனா அங்க இருந்து எடுத்துட்டு வர முடியாது. 2019 டிசம்பர் 14-லேருந்து ஐரோப்பிய யூனியனுக்குள்ள வெளிநாட்டுலேந்து வர்றவங்க காய், பழம், இலை எது கொண்டு வந்தாலும் தாவர சுகாதார சர்டிஃபிகேட் வேணும், விதிவிலக்கு அஞ்சே அஞ்சு பழம்: அன்னாசி, தேங்காய், வாழைப்பழம், பேரீச்சம்பழம், டுரியன். கறிவேப்பிலை எலுமிச்சை, ஆரஞ்சு குடும்பமாம், அந்தச் செடிகள்ல ஒட்டற ஒரு குட்டிப் பூச்சி ஆரஞ்சுத் தோட்டத்தையே அழிக்கிற நோயப் பரப்புமாம், ஸ்பெயின், இத்தாலி விவசாயிங்க பயப்படறதும் நியாயந்தான். நெய், பால்கோவா எல்லாம் பால் பொருளுங்கறதால அதுக்கும் அனுமதி கிடையாது. ஆனா மீனுக்கு மட்டும் ஒரு ஆளுக்கு 20 கிலோ வரைக்கும் சலுகை இருக்கு, யோசிச்சுப் பாருங்க, 20 கிலோ நெத்திலிக் கருவாட்டோட ஒருத்தன் கம்பீரமா இறங்கலாம், அதத் தாளிக்க ஒரு கொத்து கறிவேப்பிலை கொண்டு வந்தா தப்பு. எங்க அம்மாவுக்கு இது இன்னமும் ஏறல. "இலைய யாருட்டி பாக்கப் போறா"ன்னு பேப்பர்ல சுத்தி சேலைக்கு நடுவுல வச்சு விட்டாங்க போன தடவ, ஒரு ஏர்ப்போர்ட்ல அந்த ஆபீசர் பொட்டலத்தப் பிரிச்சு மோந்து பாத்துட்டு ரொம்ப மரியாதையா குப்பைல போட்டாரு.

ரயில் பாரிஸ் எஸ்ட்ல நிக்கப்போவுது, மிச்சம் ரூமுக்குப் போய் எழுதறேன்.

வெள்ளி, ராத்திரி பதினோரு மணி

ஸ்டேஷன்ல இறங்கி பெட்டிய உருட்டிக்கிட்டு வடக்கால நடந்தா கார் து நோர் ஸ்டேஷன் தாண்டினதும் ஃபோபூர் சாந்த் தெனி தெரு தன்னால மாற ஆரம்பிக்குது. முதல்ல ஒரு புடவைக்கடை, அப்புறம் நகைக்கடை, அப்புறம் தமிழ்ல போர்டு. லா ஷப்பேல்னு இந்த ஏரியாவுக்குப் பேரு. மெட்ரோ ரெண்டாம் நம்பர் லைன் இங்க தரைக்கு மேல பாலத்துல ஓடும், அதுக்குத் தெக்கால இருக்கற காய் தெரு, பெர்தொனே தெரு, லூயி பிளாங் தெரு எல்லாமே நம்மாளுங்கதான், அதாவது யாழ்ப்பாணத்து ஆளுங்க.

பொண்ணு பசின்னா. ஒரு கடைல கண்ணாடிக்குள்ள ரோல்ஸ், பற்றீஸ், வடைன்னு அடுக்கி வச்சிருந்தாங்க. மட்டன் ரோல்ஸ் தெரியாதவங்களுக்குச் சொல்றேன், மெல்லிசா தோசை மாதிரி ஊத்தின மாவுல உருளைக்கிழங்கும் கறியும் வச்சுச் சுருட்டி, முட்டைல தோச்சு ரஸ்க் தூள்ல புரட்டிப் பொரிப்பாங்க. தமிழ்நாட்ல இது கிடையாது. நான் சின்ன வயசுல கண்ணால பாத்ததில்ல. இப்போ அத ஒரு கடி கடிச்சதும் "அப்பாடா, வந்து சேந்தாச்சு"ன்னு தோணுது, அது எப்படின்னு எனக்கே விளங்கல. பொறந்த ஊர்ல இல்லாத ஒரு பலகாரத்த நெனச்சு ஜெர்மனில உக்காந்து ஏங்கறேன்.

சனிக்கிழமை

காலைல ஒம்பது மணிக்கெல்லாம் கடைக்குப் போயிட்டேன், இங்க இருக்கற பிள்ளையார் கோயில் தேர் நாளைக்குங்கறதால மத்தியானத்துக்கு மேல கூட்டம் தாங்காதுன்னு ரூம்ல சொன்னாங்க.

கடைய எப்படிச் சொல்றது. வாசல்லயே பெட்டி பெட்டியா முருங்கைக்காய், ஒரு கட்டு என் கை நீளத்துக்கு, பக்கத்துல புடலங்காய், பாகற்காய், பிஞ்சு கத்தரிக்காய், வாழைப்பூ, வாழைத்தண்டு, வல்லாரை, பொன்னாங்கண்ணி. கீழ ஒரு பிளாஸ்டிக் தொட்டில, கொழம்புல வாசத்துக்குப் போடற ரம்பை இலை. உள்ள போனா அரிசி மூட்டை, இட்லி அரிசி, மாப்பிள்ளைச் சம்பா, யாழ்ப்பாணத்து மிளகாய்த்தூள், பனங்கட்டி, பனங்கிழங்கக் காயவச்சு அரைச்ச ஒடியல் மாவு, எவர்சில்வர் சாமான், சாமி படம், அகல்விளக்கு, காலிங் கார்டு காலத்துல ஒட்டின பழைய போஸ்டர் எல்லாம் ஒரே எடத்துல. நான் முருங்கைக்காய ஒவ்வொண்ணா எடுத்து லேசா முறுக்கிப் பாத்துக்கிட்டு இருந்தேன், முத்தலா இளசான்னு அப்படித்தானே பாக்கணும். சார்ப்ரூக்கன்ல காய்கறிய அப்படித் தொட்டா நல்லாவா இருக்கும், இங்க எனக்குப் பக்கத்துல நின்ன பாட்டியும் அதையே செஞ்சுக்கிட்டு இருந்தாங்க, எனக்கு ஒண்ணு எடுத்து நீட்டி "இது நல்லது, எடும் பிள்ளை"ன்னாங்க.

கல்லால ஒரு பெரியவரு. நான் பழக்க தோஷத்துல "அண்ணாச்சி, புடலங்கா எங்க இருந்து வருது"ன்னு கேட்டேன். அண்ணாச்சியான்னு ஒரு சிரிப்பு சிரிச்சுட்டு "திருநெல்வேலிப் பக்கமோ?"ன்னாரு. அப்புறம் கடைல ஆள் கொறஞ்சிருந்த நேரம், பேச ஆரம்பிச்சுட்டாரு. 2014 மே 1-லேருந்து இந்தியாவுலேந்து மாம்பழம், புடலங்காய், பாகற்காய், கத்தரிக்காய், சேப்பங்கிழங்கு எதுவும் வரக்கூடாதுன்னு ஐரோப்பா தடை போட்டுச்சே, சரக்குக்குள்ள பழ ஈ இருந்துச்சுன்னு, அந்தக் கதைய அவர் வாயால கேக்கணும். அல்ஃபோன்சா மாம்பழத்துக்காக பேப்பர்ல எல்லாம் வந்துச்சு, மந்திரிங்க பேசினாங்க, 2015 ஆரம்பத்துல மாம்பழத்துக்குத் தடைய எடுத்தாச்சு, காய்கறிக்கு அதுக்கப்புறமும் இழுத்துச்சு. "மாம்பழத்துக்கு எல்லாரும் அழுதவை, புடலங்காய்க்கு ஆர் அழுறது?"ன்னாரு. நான் அழுவேன் அண்ணாச்சின்னேன்.

அவரு எண்பத்தெட்டுல வந்தவராம். 1983 ஜூலைக் கலவரத்துக்கு அப்புறம்தான் யாழ்ப்பாணத்துலேந்தும் கொழும்புலேந்தும் இத்தன பேரு கெளம்பினது, அவரு அதுல கொஞ்சம் லேட்டு. "அப்ப இந்தத் தெருவில இவ்வளவு கடை எங்க இருந்தது பிள்ளை. ரெஸ்டோரண்ட் குசினியில கோப்பை கழுவினனான். ஒரு றூமில எட்டுப் பேர். தேங்காய்ப்பூ காய்ஞ்சது பைக்கற்றில வரும், அதைச் சுடுதண்ணியில ஊறவைச்சு சம்பல் இடிச்சனாங்கள். முருங்கைக்காய் கண்ணாலயும் காணேலாது." அப்புறம் யாரோ ஒருத்தரு சின்னதா கொண்டு வந்து வித்தாங்க, அப்புறம் இன்னொருத்தரு, அப்படியே தெரு ரொம்பிடுச்சு. கோப்பை கழுவின காசுல சீட்டுப் பிடிச்சு அவரும் கடை போட்டாரு.

எனக்கு ஒண்ணு உறைச்சுது. நான் ஐரோப்பாவுக்கு வந்தது கம்பெனி விசால, ஜாஸ்தி ஏக்கமா இருந்தா லேப்டாப்பத் திறந்து டிக்கெட் பாக்கலாம், வேல ஜாஸ்தி, வெல ஜாஸ்திங்கறதத் தவிர வேற தடை இல்ல. அகதியா வந்து ஏத்துக்கிட்டவங்களுக்கு எந்த நாட்ட விட்டு ஓடி வந்தாங்களோ அந்த நாட்டுக்கு மட்டும் போக முடியாது, அவங்க கைல இருக்கற பிரயாணப் பத்திரம் அப்படி. அவரு அம்மா தவறினப்போ போன்லதான் கேட்டாராம் எல்லாத்தையும். அதச் சொல்லிக்கிட்டே என் கூடைல ரெண்டு கொத்து கறிவேப்பிலைய எடுத்துப் போட்டாரு, பில்லுல போடல. நான் காசு எடுத்தேன், "விடும் விடும், அது காசுக்கில்லை"ன்னுட்டாரு. வாசல்ல பாக்கெட் போட்டு ஒண்ணேகால் யூரோன்னு எழுதி வித்துக்கிட்டிருக்கற அதே கறிவேப்பிலைங்க.

எங்கள மாதிரி ஐடி ஆளுங்க ஐரோப்பால எந்த ஊருக்குப் போனாலும் முதல்ல கேக்கறது "இங்க ஸ்ரீலங்கன் கடை இருக்கா". பாசல், பெர்ன், ஹாம், ஸ்டுட்கார்ட், எங்க போனாலும். நம்ம ஆளுங்க யாரும் வந்து காய்கறிக்கடை போடல, போடவும் மாட்டோம். அவங்க நாப்பது வருஷமா போட்டு வச்ச பாதைல நாம சாம்பார் வைக்கறோம், அப்புறம் வாட்ஸ்அப் குரூப்ல உக்காந்து "ஸ்ரீலங்கன் கடை கொஞ்சம் காஸ்ட்லி ப்ரோ"ன்னு ரிவ்யூ எழுதறோம். சரி, சொல்லிட்டேன்.

சனி, மத்தியானம்

சாப்பாட்டுக் கடைல இடியப்பமும் சொதியும்னு எழுதியிருந்துச்சு. சொதின்னு பாத்ததும் எனக்குக் காலு நிக்கல. எங்க ஊர்ல கல்யாணத்துக்கு மறுநாள் மாப்பிள்ளை வீட்டுக்குப் போடற விருந்து அது, பாசிப்பருப்பு வேகவச்சு, முருங்கைக்காய், கேரட், பீன்ஸ், உருளைக்கிழங்கு எல்லாம் ரெண்டாம் பால்ல வெந்து, கடைசில கெட்டியா முதல் பால் விட்டு, எறக்கி வச்சு எலுமிச்சம்பழம் பிழியணும். சோத்துல ஊத்தி, தொட்டுக்க இஞ்சித் துவையல், உருளைக்கிழங்கு வறுவல். இஞ்சி ஏன்னா அவ்வளவு தேங்காப்பாலும் செரிக்க வேணாமா.

வந்தது வேற சொதி. தண்ணியா, மஞ்சளா, பச்சமொளகாயும் வெங்காயமும் மிதந்துக்கிட்டு, தேசிக்காய்ப் புளி (எலுமிச்சைதான்) விட்டது, பருப்பும் இல்ல காயும் இல்ல. இடியப்பம் செவப்பரிசி மாவுல, கையளவு வட்டம் வட்டமா அடுக்கி, மேல தேங்காச் சம்பல் செவசெவன்னு. முதல் வாய்ல கொஞ்சம் ஏமாத்தமாத்தான் இருந்துச்சு, பொய் சொல்ல மாட்டேன். மூணாவது இடியப்பத்துல விளங்கிடுச்சு, இது தனியா நிக்கற கொழம்பு இல்ல, சம்பலோட உறைப்பும் இடியப்பமும் கலந்து வாய்க்குள்ள போறப்போ இடைல ஓடற ஈரம். எங்க சொதி கல்யாண விருந்து, இது தினப்படி காலைச் சாப்பாடு, ரெண்டையும் சேத்து வச்சுப் பாக்கறதே தப்பு. பரிமாறின அக்கா என் தட்டு காயறதுக்கு முன்னாடியே வந்து நின்னு "இன்னும் கொஞ்சம் சொதி விடட்டோ பிள்ளை?"ன்னாங்க. நான் பதில் சொல்றதுக்குள்ள ஊத்திட்டாங்க.

நான் ஜெர்மனில இத்தன காலம் இருந்து மிஸ் பண்ணது இந்த ஊத்தலத்தாங்க. அங்க ஹோட்டல்ல தண்ணிகூட காசுக்குத்தான், அது அவங்க ஊரு வழக்கம், குத்தம் சொல்ல ஒண்ணுமில்ல. ஆனா ஒருத்தர் வந்து என் தட்டப் பாத்துட்டு, இவளுக்குப் பத்தலன்னு அவங்களே முடிவு பண்ணி, என்ன மதிக்காம ஊத்திட்டுப் போறதுல இருக்கற சொகம் வேற எதுலயும் இல்ல.

பாரிஸ்ல தமிழ்நாட்டு ஸ்டைல் தோசைக்கடைங்களும் இருக்கு, ராத்திரி ஒண்ணுல சாப்பிட்டோம். பேரு வேணாம். சாம்பார் இனிப்பு, தோசை முறுகல், ஆனா மாவு புளிக்கவே இல்ல. அதுக்கு மேல எழுத ஒண்ணுமில்ல.

சனி, தூங்கறதுக்கு முன்னாடி

ஒரு தமாஷ். சாயங்காலம் பொண்ணுக்கு முகம் தொங்கிப் போச்சு. வடை வாங்கித் தர்றேன்னா வேணாங்கறா, கிரெப் வேணாங்கறா, ஐஸ்க்ரீம் வேணாங்கறா. கடைசில விசும்பிக்கிட்டே சொல்லுது, அவளுக்கு ப்ரெட்செல் வேணுமாம். சார்ப்ரூக்கன்ல ஸ்கூல் விட்டு வர்ற வழில பேக்கரில வாங்குவோம், மேல உப்புக்கல் ஒட்டினது, உள்ள மெத்துன்னு. பாரிஸ் முழுக்க இத்தன பேக்கரி, ஒண்ணுலயும் அது இல்லங்கறது அவ புகார். இவரு ரெண்டு தெரு அலைஞ்சு பாத்துட்டு ஒரு க்ரோசான் வாங்கிட்டு வந்தாரு, அவ அதப் பாத்த பார்வை இருக்கே, நான் ஜெர்மன் சூப்பர்மார்க்கெட்ல "இண்டியன் கறி சாஸ்" பாட்டில பாக்கற அதே பார்வை.

அப்புறம் காபி. சூப்பர்மார்க்கெட்ல ஒரு முழு அடுக்கு சிக்கரி இருக்குது, தூளா, திரவமா, விதவிதமா. நம்ம ஊரு ஃபில்டர் காபிக்குள்ள கலக்கற அதே சிக்கரிதான், இங்க பாட்டிங்க தனியா பால்ல கலந்து காலைல குடிப்பாங்களாம். வடக்கு பிரான்ஸ்ல ஓர்ஷின்னு ஒரு ஊர்ல 1858-லேருந்து லெரூ கம்பெனி இதையே செஞ்சுக்கிட்டு இருக்காங்க. நெப்போலியன் 1806-ல இங்கிலீஷ்காரன் சரக்கு எதுவும் ஐரோப்பாவுக்குள்ள வரக்கூடாதுன்னு கப்பல் வியாபாரத்த முடக்கினப்போ காபிக்கொட்டைக்குத் தட்டுப்பாடு வந்து, அதுக்குப் பதிலா இந்த வேர வறுத்துப் பொடிச்சு குடிச்சுப் பழகினாங்க. தட்டுப்பாட்டுக்குக் குடிச்சது, அப்புறம் அது இல்லாம முடியாதுன்னு ஆகிப்போச்சு. ஒரு டப்பா வாங்கிட்டேன், வீட்ல பித்தளை ஃபில்டர் இருக்கு, பாப்போம்.

ஞாயிறு

மாணிக்க விநாயகர் ஆலயம் பஜோல் தெருவுல இருக்கு, 1985-ல ஆரம்பிச்ச கோயில். வெளிலேந்து பாத்தா கோபுரம் கிடையாது, சாதாரண பாரிஸ் கட்டடத்துக் கீழ்த்தளம். ஆவணி சதுர்த்திய ஒட்டி வர்ற ஒரு ஞாயித்துக்கிழமை தேர் இழுப்பாங்க, தெருவெல்லாம் போலீஸ் அடைச்சு விட்டுரும்.

நாங்க போறப்பவே ரோடெல்லாம் மஞ்சத்தண்ணி. கடைக்குக் கடை வாசல்ல தேங்கா குமிச்சு வச்சு, மேல கற்பூரம், மஞ்சள் பூசி. தேர் வர்றதுக்கு முன்னாடி மேல்சட்ட இல்லாம வேட்டி கட்டின பசங்க வந்து ஒவ்வொரு குமியலா எடுத்து ரோட்டுல அடிக்கறாங்க பாருங்க, கண்ண மூடித் திறக்கறதுக்குள்ள நூறு தேங்கா சிதறிப் போவுது, தண்ணி முழங்கால் வரைக்கும் தெறிக்குது, கால்வாய்ல இளநித் தண்ணி வெள்ளையா ஓடுது. சில்லு பொறுக்கறதுக்கு ஒரு கூட்டம் குனியுது, அதுல பிரெஞ்சுக்காரப் பசங்களும் இருந்தாங்க. நாதஸ்வரம், தவில், காவடி, தலைல கற்பூரச்சட்டி ஏந்தி வர்ற பொம்பளைங்க. மாடி பால்கனில காபி கப்போட நின்ன ஒரு வெள்ளக்கார அம்மா தேர் கிட்ட வந்ததும் கப்பக் கீழ வச்சுட்டு கையெடுத்துக் கும்பிட்டாங்க, வருஷா வருஷம் பாக்கறவங்க போல.

சாப்பாடு பத்திச் சொல்லணும்னா, தேரன்னிக்கு லா ஷப்பேல்ல காசு குடுத்து யாரும் சாப்பிட வேண்டாம். தண்ணிப் பந்தல், மோர், சர்பத், கடலை, பொங்கல், புளிச்சோறு. ஒரு பந்தல்ல மோர் குடிச்சேன், இஞ்சி, பச்சமொளகா, கறிவேப்பிலை, கொஞ்சம் பெருங்காயம், உப்பு சரியா இருந்துச்சு. வெயில் வேற. பேப்பர் கப்ப நீட்டினா நிரப்பறாங்க, நீட்டலன்னாலும் நிரப்பறாங்க. நான் அங்க நின்ன நேரத்துல ஒருத்தரும் என்கிட்ட நீங்க யாரு, எந்த ஊரு, என்ன ஆளுங்கன்னு கேக்கல.

நாலு மணிக்கெல்லாம் முனிசிபாலிட்டி வண்டி வந்து தெருவக் கழுவ ஆரம்பிச்சிருச்சு. எங்க பொண்ணு ஒரு தேங்காச் சில்லக் கடிச்சுக்கிட்டே தூங்கிட்டா, இவரு தோள்ல.

திங்கள், திரும்பற ரயில்

பக்கத்து சீட்ல ஒரு பெரியம்மா, ஸ்ட்ராஸ்பூர் பக்கம் பேத்தி வீட்டுக்குப் போறாங்களாம், நடுவுல மாறணும். புடவைக்கு மேல கோட்டு. நாங்க தமிழ்ல பேசறதக் கேட்டுட்டு "நீங்க மெட்ராஸ் பக்கமா"ன்னு ஆரம்பிச்சாங்க. அவங்க பாண்டிச்சேரி. வீட்டுக்காரரு பிரெஞ்சு பட்டாளத்துல இருந்தவரு, சொல்தா. 1962 ஆகஸ்ட்ல பாண்டிச்சேரிய சட்டப்படி இந்தியாகிட்ட ஒப்படைச்சப்போ பிரெஞ்சுக் குடியுரிமைதான் வேணும்னு எழுதிக் குடுத்த குடும்பங்கள்ல ஒண்ணு. யாழ்ப்பாணத்துக்காரங்க வர்றதுக்கு முன்னாடியே பிரான்ஸ்ல குடியேறினவங்க.

நான் அவங்ககிட்டயும் அதே கேள்வியக் கேட்டேன், அந்தக் காலத்துல என்னத்துக்கு ஏங்குனீங்கன்னு. யோசிக்கவே இல்ல. "வெத்தல"ன்னாங்க. சாப்பிட்டதும் ஒரு வெத்தல இல்லாம வாய் என்னமோ மாதிரி இருக்குமாம், யாராவது ஊர்லேந்து வந்தா ஈரத்துணில சுத்தி எடுத்துட்டு வருவாங்களாம், அத ஒரு வாரத்துக்குக் கிள்ளிக் கிள்ளிப் போடுவாங்களாம். சாப்பாட்டப் பத்திக் கவலையே இல்லயாம், பிரெஞ்சு ரொட்டி அவங்களுக்குப் பாண்டிலயே பழக்கம், மீன் கொழம்புல தோச்சு சாப்பிடறதுதான். "இப்பதான் எல்லாம் கிடைக்குதே, பல்லுதான் இல்ல"ன்னு சிரிச்சாங்க. அப்புறம் என் பையோட ஓரத்துல முருங்கைக்காய் நீட்டிக்கிட்டு இருக்கறதப் பாத்துட்டு, அத ரெண்டா ஒடிச்சு வைக்காத, நாளைக்கே காஞ்சிரும், பேப்பர சுத்தி நிமித்தி வைன்னு அவங்களே எழுந்து வச்சுக் குடுத்தாங்க.

ரயில் பெட்டி முழுக்க வாசம். நெத்திலி ரெண்டு பாக்கெட் வாங்கினோம், கடைக்காரரு மூணு கவர் போட்டுக் கட்டிக் குடுத்தாரு, அப்பவும் மெதுவா ஒரு மணம் வருது. பிரான்ஸுக்கும் ஜெர்மனிக்கும் நடுவுல சாதாரணமா யாரும் பையத் திறக்கச் சொல்ல மாட்டாங்க, எதிர் சீட்டுக்காரரு மட்டும் ஜன்னலப் பாத்தாரு, அது திறக்காத ஜன்னல்.

செவ்வாய், வீட்ல

கேட்டவங்களுக்காக: கறிவேப்பிலைய கழுவாதீங்க. ஈரம் பட்டு ஃப்ரிட்ஜ்ல வச்சா ரெண்டு நாள்ல கறுத்துப் போயிரும். காம்போட காயவிட்டு, பேப்பர்ல சுத்தி, கவர்ல போட்டு நேரா ஃப்ரீசர். வேணுங்கறப்போ உருவி ஃப்ரீசர்லேந்து நேரா எண்ணெய்ல, இளக விடக்கூடாது. தள்ளி நில்லுங்க, படபடன்னு வெடிக்கும். முருங்கைக்காய் நறுக்கி ஃப்ரீசர்ல வச்சா ஓகே, கொழம்புக்குத் தாங்கும். வெண்டைக்காய வைக்காதீங்க, கொழகொழன்னு ஆயிரும். புடலங்காய் வாங்கின அன்னிக்கே கூட்டு.

ஓர்ஷி சிக்கரி கொஞ்சம் கசப்பு தூக்கல், ஒரு கரண்டில பாதி போட்டா போதும், டிக்காஷன் நல்லா கருகருன்னு இறங்குது.

நேத்து ராத்திரி எங்க ஊரு சொதி வச்சேன். தேங்கா ரெண்டு உடைச்சு, மிக்ஸில அடிச்சு துணில பிழிஞ்சு, ரெண்டாம் பால்ல காய வேக விட்டு. இஞ்சித் துவையலுக்கு மொளகா வறுக்கறப்போ அலாரம் கத்துச்சு, இவரு துண்ட எடுத்துட்டு ஓடினாரு, பொண்ணு காதப் பொத்திக்கிட்டு ப்ரெட்செல்லத் தின்னுக்கிட்டு இருந்தா. இவரு ரெண்டாவது தடவ சோறு போட்டுக்கிட்டு, அந்த பாரிஸ் சொதியும் ஒரு நாள் வையேன், இடியப்பத்துக்குன்னாரு. இடியப்ப அச்சு வாங்கணும்.

ஹாம்பர்க்ல இருக்கற ஃப்ரெண்டு ஒருத்தி மெசேஜ் போட்டிருக்கா, கொஞ்சம் கறிவேப்பிலை கூரியர்ல அனுப்ப முடியுமான்னு. அந்தப் பெரியவரு காசில்லாம போட்ட ரெண்டு கொத்தையும் அப்படியே பேப்பர்ல சுத்தி இன்னிக்கு அனுப்பிட்டேன், நாளைக்குப் போய்ச் சேந்துருமாம்.